பாப்பா தெரிகிறதா?

மருத்துவமனையில் புழங்கும் சொற்களில் பாதிக்கு மேல் ஆளை மிரட்டுவதற்கென்றே உண்டானவை போல இருக்கும். நோய் விட்டுவைத்தாலும் அதன் பெயர் விட்டுவைக்காது. ஆனால் சிலவற்றை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு விளையாட்டுச் சாமான் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு சொல் நாற்பத்துமூன்று வயதுக்காரி ஒருத்தியின் வாழ்க்கையில் மூக்கை நுழைத்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளைத் தலைகால் புரியாமல் அடித்த கதை இது.

அவளுக்குச் சொட்டு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை, அதனால் அது அங்கேயே இருக்கட்டும். கண் மருத்துவமனை ஒன்றின் இரண்டாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஓர் அறை. வரிசையாக எட்டு நாற்காலி, ஜன்னலுக்குப் பச்சைத் திரை, சுவரில் நிமிஷ முள் தடித்த கடிகாரம், மூலை மேசையில் ஒரு எவர்சில்வர் தட்டு, தட்டு நிறையக் கட்டைவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் புட்டிகள். டாக்டர் கண்ணின் உட்புறத்தை எட்டிப் பார்க்க வேண்டுமானால் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் அகலத் திறந்து வழிவிட வேண்டும். அது தானாகத் திறக்காது. சொட்டு மருந்து விட்டுத் திறக்க வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக அவள் செய்தது அந்த வேலைதான்.

வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. "மேல பாருங்க" என்பாள். மேலே என்ன இருக்கிறது என்று நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் இரண்டு கண்ணிலும் சொட்டு விழுந்திருக்கும். இமையில் ஒரு மயிர் ஈரமாகாது. கண்ணைத் திறக்க மாட்டேன் என்று நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தும் குழந்தையானாலும் சரி, அதைவிட மோசமாகக் கத்தும் அதன் அப்பாவானாலும் சரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஆளுக்கு மூன்று தரம். பிறகு மந்திரம் மாதிரி ஒரே மூச்சில் சொல்லுவாள்: நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டே இருப்பது தெரியாது, வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, துணைக்கு ஆள் இல்லாமல் கிளம்பக் கூடாது.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்க மற்றவர்கள் டார்ச் அடிப்பார்கள். அவள் டார்ச்சைத் தொட மாட்டாள். மூக்கு இடிக்கிற தூரத்துக்குக் குனிந்து, எதிராளியின் கண்ணுக்குள் தன் உருவத்தைத் தேடுவாள். கறுப்பு வட்டம் சுருங்கி இருந்தால் அதற்குள் அவள் தலை மட்டும் மிளகு அளவில் தெரியும். விரிந்துவிட்டால் அந்தக் கறுப்பில் தலை, தோள், பின்னால் இருக்கும் ஜன்னல் வரைக்கும் பளிச்சென்று வந்து நிற்கும். தோள் தெரிந்தால் வேலை முடிந்தது. எல்லார் கண்ணிலும் ஒரு பாப்பா இருக்கிறது, அது வளர்ந்து வருகிறதா என்றுதான் பார்க்கிறேன் என்று குழந்தைகளிடம் சொல்லிவைத்தாள். குழந்தைகளுக்குப் பிடித்துப் போனதால் பெரியவர்களிடமும் சொன்னாள். "பாப்பா தெரியுது, உள்ள போங்க" என்று அவள் அனுப்பிய ஆளை டாக்டர் திருப்பி அனுப்பியதே கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை ஆயிரம் பேரை அவள் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறாள், அவர்களில் ஒருவரும் அவளைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அவள் மருந்தே அவளை அழித்துவிடும். குனிந்து பார்க்கிற அவள் முகம் அவர்களுக்குக் கலங்கிய தண்ணீரில் விழுந்த நிழல்தான். அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. பதினேழு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட, ஏழு வயதுத் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டது முதல் அவள் அடுத்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். தன்னை யாராவது உற்றுப் பார்த்தால் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் ஒரு புது டாக்டர் வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை, ஆனால் புதுச் செருப்பு மாதிரி எதிலும் கொஞ்சம் கடிப்பார். ஒரு திங்கட்கிழமை எட்டு நாற்காலியும் நிறைந்திருக்க, வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, பேஷண்ட்டுங்ககிட்ட பாப்பா கீப்பான்னு சொல்லாதீங்க. ப்யூப்பில்னு சொல்லுங்க. இது ஆஸ்பத்திரி."

எட்டு ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்தன. ஆறு ஜோடிக்கு அவள் தெரியவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். சரி டாக்டர் என்றாள். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க "ப்யூப்பில் தெரியுது, உள்ள போங்க" என்று சொல்லிப் பார்த்தாள். வாயில் கல் மாட்டின மாதிரி இருந்தது. ப்யூப்பில் என்றால் பள்ளிக்கூடத்தில் மாணவன் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தன் போயும் போயும் கண்ணுக்குள் உட்கார்ந்து என்ன படிக்கிறான் என்று மதியம் சாப்பிடும்போது வாய்விட்டே கேட்டாள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஃப்ரேம்காரர் சிரிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் என்பது போலத் தலையாட்டினார்.

ஃப்ரேம்காரருக்கு அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் வேலை, மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் டாக்டர் எழுதிக் கொடுக்கும் எண்ணுக்கு லென்ஸை விளிம்பு தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைப்பது, காதில் அழுத்துகிற கம்பியைச் சூடு காட்டி வளைப்பது, அளவு எடுப்பது எல்லாம் அவர்தான். நாற்பத்தேழு வயது, அகலமான ஆள், கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் நேரம் அமையவில்லை என்பார். அதையும் தெளிவாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர் உதடுகளுக்கு நடுவில் எப்போதும் இரண்டு குட்டித் திருகாணி இருக்கும். அதைக் கீழே விழாமல் வைத்துக்கொண்டு பேசிப் பேசி, ஒரு வாக்கியத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் போவதில்லை என்ற வழக்கமே அவருக்கு வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சொட்டு அக்காவுக்கு வெள்ளெழுத்து வந்து படிக்கிற கண்ணாடி போட வேண்டியதாயிற்று. அளவு எடுத்தது அவர்தான். ஒரு கறுப்பு வட்டத்தின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். அதற்கு அளவுகோலை அவள் புருவத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்தில் நேருக்கு நேர் உட்கார வேண்டும். "அறுபத்தொண்ணு" என்றார். எழுதிக்கொள்ளாமல் இன்னொரு தரம் அளந்தார். அப்புறம் இன்னொரு தரம். அப்போதும் அறுபத்தொன்றுதான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அது முதல் அவர் மதியச் சாப்பாட்டை மாடியில் வந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் கண்ணாடியின் திருகாணி மாதம் ஒருமுறை தளர்ந்தது. உலகத்தில் எந்தத் திருகாணியும் அப்படித் தளராது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கல் மாட்டின திங்கட்கிழமைக்குப் பிறகு வந்த புதன்கிழமை, படிக்கட்டுத் திருப்பத்தில் அவர் அவளை நிறுத்தினார். நிறுத்திவிட்டு வாயிலிருந்து இரண்டு திருகாணியையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அதைப் பார்த்ததுமே அவள் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டாள். திருகாணி இல்லாத அவர் வாயை அவள் அதற்கு முன் சாப்பாட்டு வேளையில் தவிரப் பார்த்ததில்லை.

"வேற ஊர்ல பெரிய கடை. பொறுப்பா பாத்துக்கக் கூப்பிடறாங்க. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குள்ள பதில் சொல்லணும்" என்றார்.

நல்ல விஷயம்தானே என்றாள் அவள். குரல் அவளுடையதாக இல்லை.

"நீங்க என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா நான் போகலை. வேணாம்னா போயிடறேன். தினமும் இந்தப் படியில உங்களைப் பாத்துட்டு சும்மா இருக்க இனிமே என்னால முடியாது."

மூன்று வருஷத்துச் சொற்களை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அவள் சொன்னது இதுதான்: "மூணாவது நாற்காலிக்கு நேரமாச்சு." சொல்லிவிட்டு இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடிவிட்டாள். நாற்பத்துமூன்று வயதில் அப்படி ஓட முடியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அறைக்குள் போய்ப் பார்த்தால் மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது.

சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு எதிர்வரிசை டீக்கடையில் காத்திருப்பதாகவும், பதில் எதுவானாலும் ஏற்றுக்கொள்வதாகவும், இதற்கிடையில் அவள் கேட்ட அந்தக் கண்ணுக்குள் படிக்கிறவனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தது.

வீட்டில் தங்கை பிடித்துக்கொண்டாள். இடுப்பில் வைத்து வளர்த்தவள் இப்போது தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறாள், பேச்சும் அதே பாணியில்தான் இருக்கும். அக்கா ஆயிரம் காரணம் சொன்னாள். இந்த வயதில் ஊர் சிரிக்கும் என்றாள். காலையில் எழுந்தால் தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது என்றாள். கடைசியில் உண்மை வெளியே வந்தது. தூரத்தில் இருக்கிற வரைக்கும் எல்லாம் நன்றாக இருக்கும், கிட்டே வந்து பார்த்தால் யாருக்கும் பிடிக்காமல் போய்விடும் என்றாள்.

தங்கை விடவில்லை. "நீ அடுத்தவங்களைப் பாத்துக்கறதுல கெட்டிக்காரிக்கா. உன்னை ஒருத்தர் பாக்கணும்னு வந்தா மட்டும் பயந்து சாகறே" என்றாள். முத்திரை குத்தியாகிவிட்டது.

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. ஒரு நிமிஷம் சரி என்று சொல்லிவிடலாம் என்று தோன்றி அவளுக்குக் கால் தரையில் பாவாது. அடுத்த நிமிஷம் வேண்டாம் என்று தோன்றி, அதே கால் கல்லாகக் கனக்கும். சனிக்கிழமை நாலு மணி வரை இந்தக் கூத்துதான். மனசு இந்த நிலையில் இருக்கும்போது அவள் புட்டிகளைத் துடைக்க உட்கார்ந்தாள். அங்கேதான் கோளாறு.

தட்டில் இரண்டு வகைப் புட்டி உண்டு. சிவப்பு மூடி, கண்ணை விரிய வைக்கும் மருந்து. நீல மூடி, வறண்ட கண்ணுக்கு ஈரம் கொடுக்கும் மருந்து, கிட்டத்தட்டக் கண்ணீர்தான். புட்டி இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் எழுத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குப் போய் வெகு காலம் ஆகிறது. மூடியைப் பார்த்தாலே கை தானாகப் போகும், பத்தொன்பது வருஷத்துக் கை அல்லவா. மூடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்து, ஜன்னல் வழியே எதிர்வரிசை டீக்கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினாள். சிவப்பு நீலத்துக்குப் போயிற்று, நீலம் சிவப்புக்கு வந்தது. புது ஆள் இந்தத் தப்பைச் செய்ய முடியாது, ஏனென்றால் புது ஆள் எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

அன்றைய கடைசி ஆள் ஒரு தையல்காரர், எட்டாவது நாற்காலி. முதல் சொட்டு விட்டாள். இரண்டாவது விட்டாள். மூன்றாவதும் விட்டாள். குனிந்து பார்த்தால் மிளகுத் தலை அப்படியே இருக்கிறது. தோளைக் காணோம். எரியவே இல்லை, ஜில்லென்று நன்றாக இருக்கிறது என்று தையல்காரர் வேறு பாராட்டினார். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மணி ஐந்தாகிவிட்டது என்பது மட்டும்தான் உறைத்தது. விரியும், கொஞ்சம் பொறுங்க என்று அவரிடம் சொல்லிவிட்டு மேசைக்குப் போனாள். மூன்று ராத்திரியாகத் தூங்காத கண் காய்ந்து கரகரத்தது. இந்தக் கண்ணோடு போய் எப்படி நிற்பது என்று நீல மூடிப் புட்டியை எடுத்தாள். தலையைச் சாய்த்து, வழக்கமான வேகத்தில், வலது, இடது. சுரீர் என்றது.

அந்த எரிச்சல் என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஆயிரம் பேர் அவள் கையால் அதை அனுபவித்து முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் விட்டுக் கழுவினாள், ஆனால் கழுவினால் போகிற மருந்தில்லை அது. ஓடிப்போய்த் தையல்காரருக்குச் சரியான மருந்தை விட்டாள். புது டாக்டரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தையல்காரருக்கு ஒரு கெடுதலும் இல்லை, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்றார் டாக்டர். மூடி மாற்றிய புட்டிகளை வாங்கிக் குப்பையில் போட்டார். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் மந்திரத்தை அவளிடமே ஒப்பித்தார். கிட்டே இருப்பது தெரியாது. வண்டி ஓட்டக் கூடாது. கையெழுத்துப் போடக் கூடாது. துணைக்கு ஆள் இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஆறு மணிக்கு அவள் தனியாகத்தான் கிளம்பினாள்.

படிக்கட்டு இருந்தது, ஆனால் எத்தனை படி என்பதில் அதற்கே சந்தேகம் போலிருந்தது. கீழே தெருவுக்கு வந்ததும் சாயங்கால வெயில் மொத்தமும் அவள் கண்ணுக்குள் கொட்டியது. வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லாம் பல்பு மாதிரி எரிந்துகொண்டு போனார்கள். சிக்னல் விளக்கைச் சுற்றிப் பச்சையாய் ஒரு பூ விரிந்தது. பேருந்தின் கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஒரு சூரியன் உட்கார்ந்திருந்தது. நடுத்தெருவில் நிற்கிற பயத்தையும் மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. உலகம் இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொண்டு இருந்ததை இத்தனை நாள் அவள் ஊராருக்குக் காட்டிக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு நாள்கூடத் தான் பார்த்ததில்லை. தலை கிறுகிறுத்தது. மருந்தாலா, ஆறு மணியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டீக்கடை மூலை மேசையில் அவர் உட்கார்ந்திருந்தது தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. தூரத்தில் கச்சிதமாக இருந்தார். காலர் பொத்தான் வரைக்கும் தெரிந்தது. கிட்டே போகப் போகக் கரைய ஆரம்பித்தார். மேசைக்கு எதிரில் உட்கார்ந்தபோது ஃப்ரேம்காரர் இருந்த இடத்தில் அகலமாக ஒரு நீலநிறச் சட்டையும், அதற்கு மேலே முகம் என்று நம்பத் தக்க ஏதோ ஒன்றும்தான் இருந்தன. அவள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் சொட்டு விட்டவள் தன் கண்ணிலேயே தப்பு மருந்து விட்டுக்கொண்டாள் என்று எந்த வாயால் சொல்வது?

டீ வந்தது. அவர் பேசுவதற்குப் பதில் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். லென்ஸுக்கு எழுதி அனுப்புகிற ஆர்டர் சீட்டின் பின்பக்கம், எறும்பு ஊர்கிற மாதிரி பென்சிலில் பொடிப் பொடி எழுத்து. அதுவும் அவளுக்கு ஊகம்தான். அவளைப் பொறுத்தவரை காகிதத்தில் யாரோ சாம்பலைத் தட்டியிருந்தார்கள். நீங்களே படிச்சுச் சொல்லுங்க என்றாள்.

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மூன்று நாள் சாயங்காலமும் நூலகத்தில் தலையணை கனத்துக்கு இருந்த அகராதிகளோடு உட்கார்ந்து எழுதியது என்று சொல்லிவிட்டுப் படித்தார்.

"ப்யூப்பில்ங்கறது லத்தீன் பாஷைச் சொல்லுலேர்ந்து வந்தது. அங்க பூப்பில்லா. அர்த்தம், சின்னப் பொம்மை, சின்னப் பொண்ணு. எதிர்ல இருக்கறவங்க கண்ணை உத்துப் பாத்தா நம்ம உருவமே அதுல குட்டியா பொம்மை மாதிரி தெரியுது. அதனால அந்தப் பேரு."

அவள் கையில் இருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

அவர் படித்துக்கொண்டே போனார். கிரேக்கர்களும் கண்ணின் நடுவில் இருப்பதற்குப் பெண் பிள்ளை என்று பொருள்படும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். தமிழில் பாவை என்றால் பொம்மை, கண்ணில் இருப்பதும் பாவை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமல் ஆளாளுக்குக் கண்ணுக்குள் குனிந்து பார்த்து, உள்ளே ஒரு குட்டிப் பெண் இருப்பதாக முடிவு கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து மாணவனும் அந்நியன் இல்லை, அதே குடும்பம்தான். தாய் தகப்பன் இல்லாமல் இன்னொருவர் பொறுப்பில் வளர்கிற சின்னப் பிள்ளைக்கு லத்தீனில் இருந்த சொல் அப்படி மாறி வந்திருக்கிறது.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்றதும் அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். அவர் பக்கம் சாய்ந்து கேட்டாள்: "அப்போ நான் சொன்னது சரியா?"

"ரெண்டாயிரம் வருஷமா சரி" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். எட்டு நாற்காலிக்கு முன்னால் திங்கட்கிழமை விழுங்கிய கல் கரைந்தே போய்விட்டது. எந்தப் பள்ளியிலும் இதைப் படிக்காமல், எந்த அகராதியையும் தொடாமல், வெறுமனே குனிந்து குனிந்து பார்த்தே அவள் கண்டுபிடித்திருக்கிறாள். சீட்டில் இன்னும் ஒரு வரி இருந்ததாம். அதை மட்டும் அவர் படிக்கவில்லை. அப்புறம் நீங்களே பாத்துக்குங்க என்று மடித்து அவள் கையில் கொடுத்தார்.

கொடுக்கும்போது குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மங்கலான முகம் ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"உங்க கண்ணு" என்றார்.

"என்ன என் கண்ணுக்கு?"

"தோள் வரைக்கும் தெரியறேன்."

இனி மறைத்துப் பயனில்லை. மூடி மாறிய கதையை, தையல்காரரை, சுரீரென்று எரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். நீல மூடி என்று சொல்லும்போதே அவர் குலுங்க ஆரம்பித்தார். மூன்று சொல்லுக்கு மேல் பேசாத மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். டீக்கடைக்காரர் ஏதாவது வேண்டுமா என்று வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சிரித்து ஓய்ந்ததும் அவருக்குத் தொழில் புத்தி வந்தது. "இப்படித் தனியாவா ரோடு தாண்டி வந்தீங்க? துணைக்கு ஆள் இல்லாம கிளம்பக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்று கேட்டார்.

"ஆளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. எதிரில் இருந்த மங்கல் அசையவில்லை. அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க அவளுக்கு வழியே இல்லை. பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பேர் இதே மாதிரி ஒன்றும் தெரியாமல் கையை நீட்டியிருக்கிறார்கள், கூட்டிப் போவது யார் என்று பார்க்காமலே நம்பி எழுந்து வந்திருக்கிறார்கள். அவளும் மேசைமேல் கையை நீட்டினாள். சூடு காட்டிக் கம்பி வளைத்துக் காய்த்துப்போன கை அதைப் பிடித்துக்கொண்டது.

மணி ஆறு இருபத்தைந்து. வேற்றூர்க் கடை முதலாளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் ஒற்றைக் கையால் எண்ணை அழுத்தினார், மறு கையை விட மனசில்லை. மறுமுனையில் ஹலோ என்று கேட்டதும் மூன்று சொல்கூட வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், போனை அவளிடம் நீட்டிவிட்டார். அவள் வாங்கிக் காதில் வைத்து, அவர் அந்த வேலைக்கு வரவில்லை, இங்கேயே இருக்கப் போகிறார், கூப்பிட்டதற்கு ரொம்ப நன்றி என்று தெளிவாகச் சொன்னாள். மறுமுனைக் குரல் கேட்டது:

"நீங்க யாரும்மா பேசறது?"

டீக்கடையின் விளக்கைப் போட்டார்கள். அது அவள் கண்ணில் விழுந்து பத்து விளக்காக உடைந்தது. அந்தப் பத்து விளக்குக்கும் நடுவில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவர் வீட்டுலேர்ந்து பேசறேன்" என்றாள்.

அவர் அவளை வீடு வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் தங்கை நின்றிருந்தாள். பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள், கதவை அகலத் திறந்து வழிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுத்துகள் எல்லாம் இடத்துக்கு வந்துவிட்டன. சொட்டு அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டைப் பிரித்தாள். பூப்பில்லா இருந்தது, பாவை இருந்தது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதியிருந்தார், அவர் படிக்காமல் விட்ட வரியை.

'மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு அளவு எடுத்தப்போ உங்க கண்ணுல என்னைப் பார்த்தேன். கண்ணாடியில பார்க்கறதைவிட நல்லா இருந்தேன். அதனாலதான் மூணு தரம் அளந்தேன்.'

அவளும் மூன்று தரம் படித்தாள். ஏன் அழுகிறாய் என்று தங்கை வந்து கேட்டபோது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றாள். கண் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவளுக்கு அதைவிட நல்ல பொய் வாயில் வரவில்லை.